ஒற்றைப் படிக்கட்டும் வீட்டுப் பிரச்சினையும்

கட்டடக் கலைஞரிடையே நடைபெறும் விவாதமொன்றை இலக்கியச் சஞ்சிகையொன்றிலே எடுத்துப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். கவிதையையும் நாவலையும் சமுதாயத்தின் விளைபொருள்களாகக் காணும் நாம், மனிதன் நாள்தோறும் ஏறியிறங்கும் படிக்கட்டை மாத்திரம் பொறியியலாளரின் தனிச்சொத்தென விட்டுவிடுதல் முறையாகாது. வீடு என்பது உற்பத்தி உறவுகள் கல்லிலும் சாந்திலும் உறைந்து நிற்கும் இடம். யார் எந்த வழியால் உள்ளே வருகிறார், ஆபத்து வந்தால் எந்த வழியால் வெளியேறுகிறார் என்னும் கேள்விகளுக்குரிய விடைகளை வைத்தே ஒரு சமுதாயத்தின் குணத்தைப் பெருமளவிற்கு அறிந்துகொள்ளலாம்.

விவாதம் இதுதான். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடர்மாடிக் கட்டடம் ஒன்றுக்கு வெளியேறும் படிக்கட்டுகள் இரண்டு வேண்டுமெனக் கட்டட விதிகள் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்துள்ளன. அமெரிக்க நகரங்கள் பல பின்பற்றும் மாதிரி விதிகளின்படி ஒற்றைப் படிக்கட்டோடு கட்டக்கூடிய குடிமனை மூன்று தளங்களுக்கு மேற்படலாகாது. கனடாவில் 1941ஆம் ஆண்டின் தேசிய விதிகள் தொட்டு எல்லை இரண்டு தளங்களே. ஐரோப்பாவின் நாடுகள் பலவற்றில் நிலைமை வேறு. ஜெர்மனியிலே 22 மீற்றர் உயரம் வரையுள்ள குடிமனைக்கு ஒரு படிக்கட்டுப் போதும். இரண்டாவது மீட்பு வழியாகத் தீயணைப்புப் படையினரின் ஏணி கணிக்கப்படும். இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, சிறிய தொடர்மாடிகளுக்காவது ஒற்றைப் படிக்கட்டை அனுமதிக்க வேண்டுமென வட அமெரிக்காவின் இளங் கட்டடக் கலைஞர் பலர் அண்மைக் காலத்தில் வாதாடி வருகின்றனர். சியாற்றில் நகரம் 1977 முதலே சில நிபந்தனைகளோடு ஆறு தளங்கள் வரை இதனை அனுமதித்து வந்துள்ளது. நியூயோர்க்கிலும் தளமொன்றின் பரப்பு 2,000 சதுர அடிக்கு மேற்படாவிடின் ஆறு தளங்கள் வரை இடமுண்டு. கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணம் 2024இல் இதே வழியைப் பின்பற்றியது.

வாதத்தை முதலில் அதன் வலிமையோடு எடுத்துரைப்பதே நேர்மையான விமர்சனத்தின் கடன். இரண்டு படிக்கட்டுகள் வேண்டுமென்றால், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டையும் சென்றடைய வழி வேண்டும். ஆகவே கட்டடத்தின் நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்ட நடைவழி ஒன்று ஓடுகிறது. அதன் இருபுறமும் வீடுகள் அடுக்கப்படுகின்றன. தங்குவிடுதிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதியதன்று. இதன் விளைவு யாது? ஒவ்வொரு வீட்டிற்கும் ஒருபக்கச் சாளரமே கிடைக்கும். மறுபக்கம் இருண்ட நடைவழி. காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேற இடமில்லை. வெயில் விழும் பக்கத்து வீடு வெந்துபோக, எதிர்ப்பக்கத்து வீடு ஆண்டு முழுவதும் சூரியனைக் காணாது கிடக்கும். படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் சாளரம் வேண்டியிருத்தலால், ஒருபக்கச் சாளரமுள்ள வீட்டில் இரண்டு மூன்று அறைகளை அமைப்பது கடினம். எனவே தனியாள்களுக்கான சிறு கூடுகளே பெருகுகின்றன. பிள்ளைகுட்டியுள்ள தொழிலாளிக்கு இடமில்லாது போகிறது. மேலும் நடைவழிக்கும் இரண்டாம் படிக்கட்டுக்கும் ஆகும் நிலம், சிறு காணித்துண்டிலே கட்ட முனைபவரைத் தோற்கடித்துவிடும். பல காணிகளை ஒன்றாக வாங்கி இணைக்கும் பெருமுதலாளியே கட்ட வல்லவனாகிறான். ஒற்றைப் படிக்கட்டைச் சுற்றி இரண்டு, மூன்று, நான்கு வீடுகளை அமைத்தாலோ ஒவ்வொரு வீடும் முன்னும் பின்னும் வெளிச்சம் பெறும்.

இவ்வளவும் உண்மையே. ஆயினும் இவ்வாதத்தை முன்வைப்போர் தமது கட்டுரைகளிலே பாரிஸ், பேர்ளின், வியன்னா நகரங்களின் படங்களை வரிசையாக அடுக்கி, ஒற்றைப் படிக்கட்டின் அழகைப் பாரீர் எனக் காட்டும்போது, அங்கே வரலாறு அழகியலுக்குள் மறைக்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸின் செல்வர் மாளிகையில் ஒரு படிக்கட்டு மாத்திரம் இருந்ததென எவர் சொன்னார்? அங்கே இரண்டு இருந்தன. இரண்டாவது தீக்காக ஏற்பட்டதன்று. அது வேலைக்காரருக்காக ஏற்பட்டது.

இதனை எமக்கு அறிவிப்பது பொறியியல் நூலன்று, ஒரு நாவல். எமில் ஸோலா 1882இல் வெளியிட்ட ‘போ-பூய்’ என்னும் நாவலின் உண்மையான கதாநாயகன், நமது கருத்தில், ஒக்ராவ் மூரே என்னும் இளைஞன் அல்லன். ஷுவாசெல் வீதியிலுள்ள அந்த வீடே. நாவலின் தொடக்கத்தில் ஒக்ராவ் தலைமைப் படிக்கட்டிலே ஏறுகிறான். போலிச் சலவைக்கல் சுவர்கள், குளிர்காலத்துக்கெனச் சூடேற்றப்பட்ட படிவழி, செந்நிறக் கம்பளம். மேலே செல்லச் செல்லக் கம்பளம் என்னவாகிறது என்பதை ஸோலா தவறாது குறித்துவிடுகிறார். மூன்றாம் மாடியோடு செங்கம்பளம் நின்றுவிடுகிறது. அதற்குமேல் சாம்பல் நிறத் துணி விரிப்பு. நான்காம் மாடியில் குடியேற வந்த ஒக்ராவின் தன்மானம் சற்றே நோகிறது. வாடகையின் அளவு கம்பளத்தின் நிறத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வருணனைக்கும் பொருளாதாரத்துக்கும் இடையே இவ்விடத்தில் இடைவெளியே இல்லை.

இந்தக் கம்பளப் படிக்கட்டுக்குப் பின்னால் மற்றொரு படிக்கட்டு உண்டு. சமையலறைகளையும் கூரைக்கடியிலுள்ள வேலைக்காரர் அறைகளையும் இணைப்பது அது. அடுக்களைச் சாளரங்கள் நோக்கும் ஒடுங்கிய உள்முற்றத்திலே, எசமானிகளின் இரகசியங்களை வேலைக்காரிகள் உரத்த குரலிற் பேசிக்கொள்கின்றனர். கழிவும் வசையும் ஒன்றாகக் கீழே விழுகின்றன. முன்படிக்கட்டிலே நிலவும் கண்ணியமான மௌனத்துக்கு வேண்டிய விலை பின்படிக்கட்டிலே செலுத்தப்படுகிறது. இரவிலே வீட்டுக் கனவான்கள் சிலர் அந்தப் பின்வழியை நாடுவதும் உண்டு. அதனால் நேரும் விளைவுகளைச் சுமப்பவள் அடேல் என்னும் ஏழை வேலைக்காரி. அவள் மேல்மாடி அறையிலே, ஒருவர் துணையுமின்றி, குரலெழுப்பவும் அஞ்சி, தனியே பிள்ளை பெறும் அத்தியாயம் பிரெஞ்சு நாவலிலக்கியத்தின் மிகக் கொடிய பக்கங்களுள் ஒன்று. அதே வீட்டின் மேற்பகுதியில் வாடகைக்கு இருந்த சப்பாத்துத் தைக்கும் கருவுற்ற தொழிலாளிப் பெண் ஒருத்தி, வீட்டின் மானத்துக்கு இழுக்கு என வாயிற்காவலனால் வெளியேற்றப்படுகிறாள். பின்னர் தன் குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காக, அதே வீட்டில் வாழும் நீதிபதியின் முன் நிறுத்தப்படுகிறாள்.

ஸோலாவைப் பற்றி முற்போக்கு விமர்சகரிடையே நெடுங்காலமாக ஒரு தயக்கம் இருந்து வந்திருக்கிறது. எங்கெல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில், ஸோலாக்கள் எல்லோரையும்விடப் பால்சாக்கே பெரிய யதார்த்தவாதி எனக் கருத்துரைத்தார். லூக்காக்ஸ் 1936இல் எழுதிய ‘எடுத்துரைத்தலா, வருணித்தலா’ என்னும் கட்டுரையில், ஸோலா வாழ்வில் பங்குகொள்பவராக நின்று எழுதாமல் வெளியே நின்று பார்ப்பவராகப் பொருள்களை அடுக்கிக்கொண்டே போகிறார் எனக் குறைகண்டார். இயற்பண்புவாதத்தின் மீதான இக்குற்றச்சாட்டு பொதுவாகப் பொருந்துவதே. ‘நானா’ நாவலின் குதிரைப் பந்தயம் கதையோடு ஒட்டாமல் நிற்பதை எவரும் காணலாம். ஆனால் ‘போ-பூய்’யின் படிக்கட்டு இக்கண்டனத்துக்குள் அடங்குவதாகத் தோன்றவில்லை. இங்கே பொருள் செயலற்றுக் கிடக்கவில்லை. மனிதரைப் பிரிக்கிறது, சிலரை மேலே விடுகிறது, சிலரைத் தடுக்கிறது, அடேலின் ஓலம் முன்வாயிலுக்குக் கேளாதபடி செய்கிறது. அதுவே கதையை நடத்துகிறது. லூக்காக்ஸின் அளவுகோலை வைத்தே ஸோலாவுக்கு இந்த இடத்தில் நியாயம் வழங்கலாம் என்பது நமது துணிபு.

ஒற்றைப் படிக்கட்டையே கதையின் முடிச்சாக்கிய நாவலும் உண்டு. தொஸ்தோயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) நூலிலே ரஸ்கோல்நிக்கோவ் நான்காம் மாடியில் கொலை செய்துவிட்டுக் கதவின் பின் நிற்கிறான். மேலேறி வருவோரின் காலடியோசை கேட்கிறது. இறங்குவதற்கு அவனுக்கு வேறு வழியில்லை. அவர்கள் ஏறும் அதே படிக்கட்டால்தான் அவன் இறங்கியாக வேண்டும். இரண்டாம் மாடியில் வர்ணம் பூசுவோர் அப்போதுதான் திறந்துவிட்டுப்போன வெற்று வீடொன்றிலே பதுங்கியிராவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும். மாணவர்க்கு இப்பகுதியைப் படித்துக் காட்டும்போதெல்லாம் அவர்கள் மூச்சடக்கிக் கேட்பதை நாம் கண்டிருக்கிறோம். கொலைகாரன் தப்ப வேண்டுமென்று அவர்கள் விரும்புவதில்லை. ஒரே வழியுள்ள இடத்தில் அகப்பட்டவனின் திகில் எவருக்கும் புரியக்கூடியது. அந்தத் திகிலே தீயணைப்பு விதிகளின் தாயுமாகும்.

நியூயோர்க்கிலே எல்ம் வீதியில் 1860 பெப்ரவரி 2ஆம் நாள் தொழிலாளர் குடிமனை ஒன்று தீப்பற்றியது. கீழே பேக்கரி, மேலே அடுக்கடுக்காகக் குடும்பங்கள். தீ படிவழியைப் பற்றியதும் மேல்தளத்தினர்க்கு இறங்க வழியில்லை. தீயணைப்போரின் ஏணிகளோ உச்சித்தளம் வரை எட்டவில்லை. சுமார் 20 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், மாண்டனர். அதே ஆண்டில் எட்டுக் குடும்பங்களுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு தீப்பற்றாத படிக்கட்டோ வெளிப்புறத் தப்பும் வழியோ வேண்டுமெனச் சட்டம் வந்தது. பின்னர் 1867ஆம் ஆண்டுச் சட்டம். 1879ஆம் ஆண்டுச் சட்டம். யாக்கொப் ரீஸ் 1890இல் ‘மறுபாதியினர் வாழும் விதம்’ என்ற நூலை வெளியிட்டுச் சேரியின் முகத்தைப் படமாகவும் எழுத்தாகவும் காட்டியதன் பின் ஓரளவு உறுதியான 1901ஆம் ஆண்டுச் சட்டம். இன்று அமெரிக்கத் திரைப்படங்களிலே காதலர் அமர்ந்து பேசும் இரும்புத் தப்பேணி இந்தச் சாவுகளின் நினைவுச் சின்னம் என்பதைப் பார்ப்போர் பெரும்பாலும் அறியார்.

சட்டம் வந்தவுடன் சொந்தக்காரர் என்ன செய்தனர் என்பதையும் பார்க்க வேண்டும். அறைகளுக்குக் காற்று வேண்டுமென 1879ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அவ்வாண்டு நடந்த வடிவமைப்புப் போட்டி ஒன்றிலே முதற்பரிசு பெற்றது, இரு கட்டடங்களுக்கிடையே இடுக்கமான காற்றுக் குழாய் ஒன்றை விட்டு, நிலத்தின் பெரும்பகுதியையும் விழுங்கிய திட்டம். நடுவிலே ஒடுங்கியதால் இது டம்பெல் வீடெனப் பெயர் பெற்றது. ஆயிரக்கணக்கில் இவ்வீடுகள் எழுந்தன. காற்றுக் குழாய் காற்றைக் கொண்டுவரவில்லை. குப்பையை வாங்கியது, நாற்றத்தை மேலேற்றியது, தீ எழுந்தபோது புகைபோக்கியாக மாறி ஒரு தளத்தின் நெருப்பை மறு தளத்துக்குக் கொண்டுசென்றது. சட்டத்தின் எழுத்து நிறைவேறியது. சட்டத்தின் நோக்கம் கொல்லப்பட்டது. இலாபத்துக்காகக் கட்டப்படும் வீட்டில் விதி எவ்வளவு நல்லதாயினும் அதன் மிகக் குறைந்த பொருளே கடைப்பிடிக்கப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒற்றைப் படிக்கட்டின் ஆதரவாளர்கள் வியன்னாவைக் காட்டுகின்றனர் என்றோம். வியன்னாவை நாமும் காட்டுவோம். ஆனால் முழுமையாகக் காட்டுவோம்.

முதல் உலகப் போருக்கு முந்திய வியன்னாவின் தொழிலாளர் குடிமனைகளில் நீண்ட பொது நடைவழி இருந்தது. வீட்டுக் கதவு அந்நடைவழியிலே திறக்கும். அடுக்களையின் சாளரமும் அதை நோக்கியே இருக்கும்; அயலார் நடக்கும் நடைவழியின் புழுங்கிய காற்றே அடுக்களைக்குக் காற்று. தண்ணீர்க் குழாயும் மலகூடமும் நடைவழியிலே பொதுவாக இருந்தன. நடைவழி அங்கே வறுமையின் இலச்சினை. 1919 முதல் சமூக ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த மாநகர சபை, 1923இல் வீடு கட்டும் வரி ஒன்றை விதித்தது. நிதிப் பொறுப்பை வகித்த ஹூகோ பிரைட்னர் வகுத்த இவ்வரி, ஆடம்பர வீடுகளின் மேல் பெருஞ்சுமையையும் தொழிலாளர் வீடுகளின் மேல் மிகச் சிறிய சுமையையும் வைத்தது. அந்தப் பணத்தில் 1934 வரை 60,000க்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. காணியின் பாதிக்கு மேல் கட்டடம் எழாது, எஞ்சிய பகுதி முற்றமாகவும் பூங்காவாகவும் விடப்பட்டது.

இவ்வீடுகளில் நடைவழி ஒழிக்கப்பட்டது. முற்றத்திலிருந்து படிக்கட்டு, ஒவ்வொரு படிக்கட்டின் தளத்திலும் இரண்டு முதல் நான்கு வீடுகள், ஒவ்வொரு வீட்டிற்கும் உள்ளேயே தண்ணீரும் மலகூடமும். கார்ல் ஏன் வரைந்து 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் மாளிகையில் 1,382 வீடுகள் இருந்தன. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் அந்தப் பெருங்கட்டடத்தினுள்ளே எந்தத் தொழிலாளியும் முகந்தெரியாத நூறு பேரோடு நடைவழியில் உராய வேண்டியதில்லை. தன் படிக்கட்டிலுள்ள சில குடும்பங்களை மட்டுமே அவன் நாள்தோறும் சந்தித்தான். சலவைக்கூடம், குளிப்பிடம், பிள்ளைகள் பாடசாலை, நூலகம் ஆகியன எல்லோர்க்கும் பொதுவாயின. குறைகள் இல்லாமலில்லை. வீடுகள் சிறியவை, வீட்டினுள் குளியலறை கிடையாது, மின்னுயர்த்தி இன்மையால் மேல்தளத்து முதியோர் துன்பப்பட்டிருப்பர். ஆயினும் ஸோலாவின் வீட்டில் மனிதரைப் பிரித்த படிக்கட்டு இங்கே மனிதரைச் சேர்த்தது. பின்படிக்கட்டு இல்லை, ஏனெனில் பின்படிக்கட்டால் வர வேண்டிய வேலைக்காரி அங்கே இல்லை. 1934 பெப்ரவரியில் டொல்பஸ் அரசாங்கத்தின் படைகள் இந்த மாளிகையைப் பீரங்கியாற் சுட்டன. தொழிலாளர் குடியிருப்பைக் கோட்டையென எதிரி கருதினான் என்பதும் ஒருவகை விமர்சனமே.

இனி எதிர்த்தரப்பு. ஒற்றைப் படிக்கட்டைப் பேசும் எவரும் லண்டன் கிரென்பெல் கோபுரத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. 24 தளங்கள், ஒரே படிக்கட்டு, அகலம் ஏறத்தாழ ஒரு மீற்றர். 2017 யூன் 14ஆம் நாள் நள்ளிரவு கடந்து, நான்காம் தளத்து வீடொன்றில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றிலிருந்து எழுந்த தீ, சாளரத்தின் வழியே வெளிச்சுவருக்குத் தாவியது. ஓராண்டுக்கு முன் முடிவுற்ற புதுப்பித்தலின்போது அச்சுவருக்குப் பூட்டப்பட்ட அலுமினியப் போர்வைத் தகடுகளின் நடுவே எரியக்கூடிய பொலித்தீன் இருந்தது. அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் தீ உச்சியை எட்டியது. 72 பேர் இறந்தனர்.

பிரித்தானியாவில் 1962ஆம் ஆண்டின் விதித்தொகுப்புத் தொட்டு உயர்மாடிகளின் பாதுகாப்பு ஒரு கொள்கையில் நின்று வந்தது. ஒவ்வொரு வீடும் தீயைத் தன்னுள் அடக்கும் பெட்டி. ஒரு வீடு எரிந்தால் ஏனையோர் தத்தம் வீட்டிலேயே இருக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கத் தேவையில்லையாதலால் ஒரு படிக்கட்டுப் போதும். பெட்டிகள் பெட்டிகளாக இருக்கும் வரை இது அறிவுக்கொவ்வாத கொள்கையன்று. கிரென்பெல்லில் பெட்டிகளை வெளியிலிருந்து தீ திறந்துவிட்டது. முதல் அழைப்பு 12.54 மணிக்கு, வீட்டிலேயே இருங்கள் என்னும் அறிவுரை முழுமையாகக் கைவிடப்பட்டது 2.47 மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில், சொன்னதைக் கேட்டவர்கள் இறந்தனர். கேளாமல் இறங்கியவர்களிற் பலர் பிழைத்தனர். பணிவை அறமாகப் போதிக்கும் ஆசிரியர்களாகிய நாம் இவ்வரியில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

எட்டாண்டுகளுக்கு முன்னர், 2009 யூலையில், அதே நகரின் லக்கனால் மாளிகையில் இதே அறிவுரையைக் கேட்டுக் காத்திருந்தோருட்பட 6 பேர் மாண்டிருந்தனர். பாடம் எழுதப்பட்டிருந்தது, படிக்கப்படவில்லை. கிரென்பெல்லில் குடியிருந்தோரின் அமைப்பு, பெரும் அழிவு நேர்ந்தால்தான் நிர்வாகம் விழிக்கும் என 2016 நவம்பரிலேயே எழுதி வெளியிட்டிருந்தது. நீதியரசர் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்ரெம்பரில் வெளிவந்தபோது, தகடுகளையும் காப்புப்பொருள்களையும் செய்து விற்றோரின் திட்டமிட்ட நேர்மையின்மையை அது வெளிப்படையாகக் குறித்தது. முதலில் எண்ணியிருந்த துத்தநாகத் தகட்டுக்குப் பதிலாக இந்தத் தகட்டைப் பூட்டியதால் மிச்சமான தொகை ஏறத்தாழ 3 இலட்சம் பவுண்.

ஆகவே கிரென்பெல்லில் மக்களைக் கொன்றது ஒற்றைப் படிக்கட்டு என்று கூறுவது குற்றவாளியை விட்டுவிட்டுச் சுவரைத் தண்டிப்பதாகும். இதனைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒற்றைப் படிக்கட்டு தன்னளவில் கொல்லாது. ஆனால் ஏனையோர் செய்யும் தவறுகளை அது மன்னிக்காது. அக்கோபுரத்தில் வீட்டுக் கதவுகள் பலவற்றில் தானாக மூடும் பொறிகள் இல்லை அல்லது பழுதாகியிருந்தன. அதனால் புகை கூடத்துக்கும் படிவழிக்கும் பரவியது. நடக்க முடியாதவர்களை வெளியேற்றத் தனித் திட்டம் இருக்கவில்லை. நீர்த்தெளிப்பான்கள் இல்லை. இரண்டாவது படிக்கட்டு ஒன்று இருந்திருந்தால், இத்தனை தவறுகளுக்குப் பின்னும் சிலருக்கு ஒரு வழி எஞ்சியிருக்கலாம்.

தீயணைப்புத் தொழிலாளர் சங்கங்கள் அமெரிக்காவில் ஒற்றைப் படிக்கட்டை எதிர்ப்பதை, மாற்றத்துக்கு அஞ்சும் பழமைவாதம் எனக் கட்டடக் கலைஞர் சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். இது நமக்கு உடன்பாடன்று. மக்கள் இறங்கும் படியிலேயே நீர்க்குழாயைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியவன் அத்தொழிலாளி. எரியும் வீட்டின் கதவைக் குழாய்க்காகத் திறந்து வைத்தால் அதே வழியாகப் புகை படிவழியிற் புகும் என்பது அவன் நூலில் படித்ததன்று. ஜெர்மனியின் ஏணி விதியும் ஏணி உரிய நேரத்தில் வந்து சேரும் நகரத்துக்கே பொருந்தும். தீயணைப்புப் படையின் செலவைக் குறைத்துக்கொண்டே படிக்கட்டையும் குறைக்க விரும்பும் மாநகர சபையிடம் சங்கம் முரண்படுவது நியாயமே.

ஆனால் இந்த எதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நியூயோர்க்கிலும் சியாற்றிலிலும் விதிகளுக்கிணங்க எழுந்த புதிய ஒற்றைப்படிக் கட்டடங்களின் அனுபவத்தை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வொன்று, அங்கே தீயால் இறப்போரின் வீதம் ஏனைய குடிமனைகளைவிட அதிகமன்று எனக் காட்டுகிறது. காரணம் வெளிப்படை. ஆறு தளங்கள், தளத்துக்கு நான்கு வீடுகளுக்கு மேற்படாமை, எங்கும் தானியங்கி நீர்த்தெளிப்பான், வீட்டுக் கதவிலிருந்து படிக்கட்டுவரை குறுகிய தூரம். நீண்ட நடைவழியில் புகை நிறைந்தால் இரண்டு படிக்கட்டுகள் இருந்தும் இரண்டையும் அடைய முடியாது. இங்கே கதவைத் திறந்தால் படி.

எனவே இருபத்துநான்கு தளக் கோபுரத்தையும் ஆறு தளச் சிறுமனையையும் ஒரே சொல்லால் குறித்து வாதாடுவதே இவ்விவாதத்தின் முதற் குழப்பம். உயர்ந்த கோபுரத்துக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டும். இதிலே பேரத்துக்கு இடமில்லை. சிறுமனைக்கு ஒற்றைப் படிக்கட்டு, மேற்கூறிய காப்புகள் அனைத்தோடும், வரவேற்கத்தக்கது. இருண்ட நடைவழியின் இருமருங்கும் அடைபட்ட வாழ்வைவிட அது மனிதத்தன்மை மிக்கது. இதில் நாம் கட்டடக் கலைஞரின் பக்கமே நிற்கிறோம்.

நாம் அவர்களோடு பிரிவது வேறோரிடத்தில். விதியைத் தளர்த்தினால் கட்டும் செலவு குறையும், செலவு குறைந்தால் வாடகை குறையும் என்பது அவர்களது நம்பிக்கை. கட்டும் செலவு குறைவது மெய். ஆனால் வாடகையைத் தீர்மானிப்பது செலவா? அதே காணியில் கூடுதலான வீடுகள் கட்டலாம் என்றானவுடன் காணிக்காரன் விலையை உயர்த்துவான். எங்கெல்ஸ் 1872இல் எழுதிய ‘வீட்டுப் பிரச்சினை’ என்னும் கட்டுரைத் தொடரில், முதலாளி வர்க்கம் இப்பிரச்சினையைத் தீர்க்கும் முறை அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துவதே எனக் காட்டினார். வியன்னாவின் படிக்கட்டு மலிவாக இருந்தமைக்குக் காரணம் அதன் வடிவமன்று. காணி மாநகர சபையினுடையது. பணம் செல்வரின் வரி. வாடகையில் இலாபம் சேர்க்கப்படவில்லை. வடிவத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு போய்ச் சந்தையில் நட்டால் அது வேறு கனியையே தரும்.

ஒற்றைப் படிக்கட்டின் பாதுகாப்பு மூடும் கதவிலும், வேலை செய்யும் நீர்த்தெளிப்பானிலும், எரியாத சுவரிலும் தங்கியிருக்கிறது என்றோம். இவை மூன்றும் நாள்தோறும் பேணப்பட வேண்டியவை, பேணுவதற்குச் செலவாகும், அச்செலவு சொந்தக்காரனின் இலாபத்திலிருந்து வரவேண்டும். இரண்டாவது படிக்கட்டைக் கட்டியபின் எவரும் இடித்து விற்க முடியாது. கதவின் பொறியையோ ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டிய சோதனையையோ ஓசைப்படாமல் வெட்டிவிடலாம். எனவே ஒற்றைப் படிக்கட்டை அனுமதிக்கும் விதியிலேயே, குடியிருப்போர் தெரிந்தெடுத்த குழுவொன்றுக்குக் கதவுகளையும் குழாய்களையும் சோதிக்கவும், குறை கண்டால் வாடகையை நிறுத்திவைக்கவும் உரிமை எழுதப்பட வேண்டும். கட்டடக் கலைஞர்களின் வரைபடங்கள் பலவற்றை நாம் பார்த்தோம். சாளரங்களும் மாடமும் பூச்செடிகளும் அழகாகத் தீட்டப்பட்டுள்ளன. இந்த உரிமையைப் பற்றிய வரி எதுவும் நம் கண்ணிற் படவில்லை.

இங்கிலாந்தில் 18 மீற்றருக்கு மேற்பட்ட புதிய குடிமனைகளுக்கு இரண்டாவது படிக்கட்டுக் கட்டாயம் என 2023 யூலையில் அறிவிக்கப்பட்டு, 2026 செப்ரெம்பர் 30 அதற்குரிய நாளாகக் குறிக்கப்பட்டது. அவ்விதி புதிதாக எழுவனவற்றுக்கே. ஏற்கெனவே ஒற்றைப் படிக்கட்டோடு நிற்கும் கோபுரங்கள், அவற்றுள் வாழும் தொழிலாளர், வயோதிபர், குடிபெயர்ந்து வந்தோர் ஆகியோருடன், அவ்வாறே நிற்கும்.